வேருக்குள் வந்த விருந்தாளி



விதைப்பவர் உவமையை வாசிக்கும்போது பாறையையும் முட்செடியையும் பற்றி நிறையப் பேசுகிறோம். நல்ல நிலத்தைச் சட்டென்று கடந்துவிடுகிறோம். அது எப்படி நல்ல நிலமானது? விடை நம் ஓசூர்ப் பக்கத்து ராகிக் காட்டிலேயே இருக்கிறது.

ராகிக்கு நடுவே அவரை போடுவது நமக்குத் தெரிந்த பழக்கம். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இதை அக்கடி என்பார்கள். போன வாரம் மழை விட்டதும் ஓர் அவரைச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறினேன். வேரெங்கும் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு உறவான ஒன்றுதான் அங்கேயும் இருக்கிறது.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். பச்சையத்துக்கும் புரதத்துக்கும் அது வேண்டும். குறைந்தால் அடி இலைகள்தான் முதலில் மஞ்சளாகும். தங்களிடம் இருப்பதைக் குருத்துக்கு அனுப்பிவிடும். பிள்ளைக்குப் பரிமாறிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்த தாய்மார்களை நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் காற்றிலுள்ள அந்த நைட்ரஜனை எந்தச் செடியாலும் நேரே உண்ண முடியாது. அதன் அணுக்கள் இரண்டிரண்டாக அவ்வளவு இறுகிக் கிடக்கின்றன. அந்தப் பிணைப்பை அவிழ்க்க உரத் தொழிற்சாலையில் 400 டிகிரி சூடும், காற்றழுத்தத்தைப் போல 100 மடங்குக்கு மேல் அழுத்தமும் தேவை. அவரை வேரிலுள்ள ரைசோபியம் என்ற நுண்ணுயிர் அதை மண்ணின் சூட்டிலேயே செய்கிறது.

அது செடியோடு பிறந்ததல்ல. வெளியே மண்ணில் கிடந்தது. வேர் ஒரு சாற்றைக் கசியவிட்டு அதை அழைக்கிறது. வேர்த்தூவி வளைந்து அணைத்து உள்ளே விடுகிறது. குடியிருக்க முடிச்சு கட்டித் தந்து, இலை சமைத்த சர்க்கரையைப் பங்கிடுகிறது. காய் பறித்து முடிந்து வேர் மக்கும்போது, அடுத்த போகத்து ராகிக்கும் அந்த நைட்ரஜன் உணவாகிறது. நல்ல நிலம் இப்படித்தான் உண்டாகிறது.

நம் நடுவிலும் வெளியிலிருந்து வந்தவர்கள் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து, சீருடையோடு கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளைகளைத் திரும்பிப் பாருங்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் நம் அன்பியங்களின் பட்டியலில் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது; மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர் பெயர் இல்லை. அதை நானும் இத்தனை நாள் கேட்கவில்லை.

இந்த வாரம் ஒவ்வோர் அன்பியத்திலும் அந்தப் பெயர்களைக் கேட்டுத் தாளில் எழுதுங்கள். எப்படிச் சொல்வது என்று அவர்களிடமே கேளுங்கள். அடுத்த ஞாயிறு காணிக்கைப் பவனியில் அந்தத் தாள்களையும் அவர்களே தங்கள் கையால் பீடத்துக்குக் கொண்டுவரட்டும்.