அட்டையில் நிற்பவள்

சென்ற ஆண்டு ஒரு மிகுபுனைவு நாவலுக்கு அட்டைப்படம் வரையும் வேலை வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை. ரெட்டிபாளையத்தைச் சுற்றிலும் சிமெண்டுக்காகத் தோண்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. அரியலூர்ப் பகுதிக் கல்லில், சுருண்ட அம்மோனைட் படிவங்கள் இன்றும் கிடைக்கின்றன. நாவலில், கல் உடைக்கும் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கடப்பாரையால் குத்தி அந்தக் கடலை எழுப்புகிறாள்.

வரைந்ததை அம்மாவிடம் காட்டினேன். அம்மா இருபது வருடம் சித்தாள் வேலை பார்த்தவள்.

“இந்த இடுப்ப வச்சிக்கிட்டு இவ எப்படிடி கடப்பாரையத் தூக்குவா?”

சுருக்கென்றது. அப்படி வரையச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நாவலில் அவள் கறுத்தவள், கைகள் தடித்தவள். நானாகவே இடுப்பை ஒடுக்கி, நிறத்தை வெளுத்து, வயதில் பாதியைக் குறைத்திருந்தேன்.

நான் படம் வரையப் பழகியது நந்தினியைப் பார்த்து. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த நந்தினி. பழுவூர் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பழுவேட்டரையர்கள் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். நந்தினி கல்கியின் கற்பனை. ஆனாலும் பழுவூர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவள் முகம்தான். படத்துக்கு அவ்வளவு பலம் உண்டு.

மணியத்தைக் குறை சொல்லவில்லை. நந்தினியின் அழகு அந்தக் கதைக்கு வேண்டும். அரண்மனையில் அவளுக்கு வாய்த்த பெரிய ஆயுதம் அதுதான். அந்த உடலை எல்லாப் பெண்களுக்கும் மாட்டிவிட்டது என் கை.

பழக்கத்தில் செய்தது தவறாகுமா? புத்தகத்தைப் படிப்பவருக்கு உண்மை தெரிந்துவிடும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’யின் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். பல பதிப்புகளின் அட்டைகள் அவனை வெள்ளையனாக்கின. லெ குவின் அதை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். புத்தகத்தைத் திறக்காதவர்களும் அட்டையைப் பார்க்கிறார்கள். கடைவாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகும் ஒரு சித்தாளுக்கு என் படம் என்ன சொல்லும்? வற்றிய கடல் திரும்பி வரலாம், கல் பேசலாம். எதுவும் நடக்கக்கூடிய அந்த உலகத்திலும் உன் உடம்புக்கு மட்டும் இடமில்லை என்று சொல்லும். யாரும் கட்டாயப்படுத்தாமல் நானே அதைச் சொல்லியிருப்பேன். அம்மா கேட்கும்வரை அது பழக்கம். கேட்ட பிறகும் அப்படியே அனுப்பினால், அது என் முடிவு.

அம்மாவைக் கடப்பாரையோடு நிற்கச் சொல்லி மறுபடி வரைந்தேன். எதிரே அவளே நின்றும் கோடு தன்னால் இடுப்பை உள்ளே இழுத்தது. மூன்று முறை அழித்தேன்.

முடித்ததும் அம்மா உற்றுப் பார்த்தாள். “கல்லு சுமக்கறவளுக்குத் தலையில சும்மாடு எங்க?”

அதையும் வரைந்துதான் அனுப்பினேன்.