சின்ன வண்டி யாருக்கும் வேண்டாமாம்!

2011 டிசம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையை மூடினார்கள். அங்கே கடைசியாகத் தயாரான வண்டி ரேஞ்சர் என்ற சின்ன பிக்கப். முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அமெரிக்கச் சாலைகளில் புழங்கிய பெயர் அது. “பாரம் ஏற்றுகிறவன் பெரிய வண்டிக்குப் போகிறான், மற்றவன் காருக்குப் போகிறான், நடுவில் இந்தச் சின்ன வண்டியை யார் கேட்கிறார்கள்?” என்பதுதான் அன்றைக்கு அந்தத் துறையில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட பேச்சு. விற்பனைக் கணக்கும் அதற்கு ஒத்து ஊதியது. கணக்கே சொல்லிவிட்ட பிறகு வாதாட என்ன இருக்கிறது?

பத்தே வருடத்தில் காற்று மாறி அடித்தது. 2021இல் அதே ஃபோர்டு, மேவரிக் என்ற சின்ன பிக்கப்பை இறக்கியது. ஹூண்டாய் நிறுவனம் சாண்டா குரூஸ் என்ற வண்டியோடு வந்தது. 2025 ஏப்ரலில், ஜெஃப் பெசோஸின் முதலீட்டுப் பின்பலத்தோடு ஸ்லேட் என்ற புது நிறுவனம், பெயின்ட் இல்லாத, ரேடியோ இல்லாத, கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்குகிற இரண்டு இருக்கை மின்சார பிக்கப்பைக் காட்டியது. அந்த ஆகஸ்டில் ஃபோர்டு, சுமார் 30,000 டாலரில் நான்கு கதவு மின்சார பிக்கப் ஒன்றை 2027இல் தருவதாக அறிவித்தது. டொயோட்டாவின் நிர்வாகிகளும் தங்கள் வரிசையில் ஒரு சின்ன பிக்கப் வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசுகிறார்கள். வேண்டாம் என்று தீர்ப்பான பொருளுக்கு இத்தனை போட்டி ஏன்? காணாமல் போயிருந்த வாடிக்கையாளர்கள் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்?

அவர்கள் எங்கும் போகவில்லை. அவர்களுக்கு வேண்டிய வண்டிதான் போயிருந்தது. அது போன கதை ஒரு கோழியில் தொடங்குகிறது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழி மலிவு விலையில் மேற்கு ஜெர்மனிச் சந்தையில் குவிந்தது. ஐரோப்பிய நாடுகள் அதன்மேல் வரியை ஏற்றின. பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ரக டிரக் ஆகிய நான்கின் இறக்குமதிக்கும் 25 சதவீத வரி போட்டார். அப்போதைய குறி ஃபோக்ஸ்வாகன். மற்ற மூன்றின் மீதான வரி பின்னாளில் போய்விட்டது. டிரக் மீதான வரி மட்டும் அறுபது வருடம் கடந்தும் உட்கார்ந்திருக்கிறது. கோழிச் சண்டையை மக்கள் மறந்தார்கள்; சுங்க அலுவலகம் மறக்கவில்லை.

அந்த வரியைத் தாண்ட நடந்த கூத்துகளைப் பார்த்தாலே சின்ன வண்டிக்கு எவ்வளவு கிராக்கி இருந்தது என்று புரியும். 1970களில் செவர்லே லவ் என்ற பெயரில் வந்தது ஜப்பானின் இசுசூ. ஃபோர்டு கூரியர் என்ற பெயரில் வந்தது மாஸ்டா. பின்தொட்டி இல்லாத வெறும் சேஸிஸாகக் கப்பலில் வந்தால் வரி 4 சதவீதம்தான். ஆகவே அப்படியே இறக்கி, அமெரிக்க மண்ணில் வைத்துத் தொட்டியை மாட்டினார்கள். 1980இல் அந்த ஓட்டையை அரசு அடைத்தது. சுபாரு இன்னும் ஒரு படி மேலே போய், பிராட் என்ற தன் பிக்கப்பின் திறந்த தொட்டிக்குள் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி, “இது பயணிகள் வண்டி” என்றது. அதிபர் ரொனால்ட் ரீகனும் தன் பண்ணையில் அந்த வண்டி ஒன்றை வைத்திருந்தார். பிற்காலத்தில் ஃபோர்டே தன் டிரான்சிட் கனெக்ட் வேன்களைத் துருக்கியிலிருந்து பின் இருக்கைகளோடு இறக்கி, சுங்கம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றி எறிந்தது. அந்த வழக்கை 2024இல் 36.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

வரி மட்டும் காரணம் அல்ல. நிசான் 1983இல் டென்னசி மாநிலத்தின் ஸ்மிர்னாவிலேயே ஆலை போட்டு பிக்கப் செய்யத் தொடங்கியது. உள்ளூரில் செய்தால் இந்த வரி கிடையாது. ஆனால் வெளியிலிருந்து மலிவாக ஒருவன் வந்துவிடுவான் என்ற பயம் போய்விட்டால், உள்ளே இருப்பவன் எதில் லாபம் கூடுதலோ அதைத்தான் செய்வான். பெரிய பிக்கப்பில் லாபம் கூடுதல். பிறகு எரிபொருள் சிக்கன விதி வேறு சேர்ந்துகொண்டது. 2011 மாடல் வண்டிகளிலிருந்து, நான்கு சக்கரங்களுக்கு நடுவே அடங்கும் பரப்பை வைத்து மைலேஜ் இலக்கு நிர்ணயித்தார்கள். பரப்பு கூடக்கூட இலக்கு தளரும். சிக்கனத்துக்காக எழுதிய விதி, சின்ன வண்டிக்குக் கடினமான பரீட்சையும் பெரிய வண்டிக்குச் சலுகையும் வைத்தது. வண்டியைச் சிக்கனமாக்குவதைவிட வண்டியை அகலமாக்குவது சுலபம் என்றால், பொறியாளர் என்ன செய்வார்?

மக்களின் ஆசைக்கும் இதில் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் அதில் பிள்ளைகளும் உட்கார வேண்டும். இரண்டு பேர் மட்டும் அமரும் கேபின் குடும்பத்துக்கு உதவாது. உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுவதில் ஒரு மிடுக்கும் இருக்கிறது. எதிரே வருகிற வண்டி பெரிதாக இருக்கும்போது நம் வண்டியும் பெரிதாக இருக்கட்டும் என்ற பயமும் நியாயமானதே. ஆனால் அந்த ஆசை எந்தக் கடைக்குள் வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அளவுச் சாப்பாட்டைப் பலகையிலிருந்து அழித்துவிட்டு, “எங்கள் ஊரில் எல்லோரும் முழுச் சாப்பாடுதான் விரும்புகிறார்கள்” என்று ஹோட்டல்காரர் சொன்னால் அது பொய்க் கணக்கு அல்ல. பாதிக் கணக்கு.

பெரிதானதன் விலையை யார் கொடுத்தார்கள்? பழைய சின்ன பிக்கப்பின் பக்கச் சுவர் இடுப்புக்குச் சற்று மேலே நிற்கும். தரையில் நின்றபடியே கையை உள்ளே விட்டு மண்வெட்டியை எடுக்கலாம், சிமென்ட் மூட்டையைத் தூக்கிப் போடலாம். இன்றைய பெரிய பிக்கப்பில் தொட்டியின் அடியில் கிடக்கும் சாமானை எடுக்க மேலே ஏற வேண்டும். அதற்காகப் பின் கதவுக்குள் மடக்கிவைத்த படிக்கட்டு ஒன்றைக் கொடுத்து, அதையும் ஒரு வசதி என்று விளம்பரம் செய்கிறார்கள். வண்டியை உயர்த்தியது அவர்கள். ஏறுவதற்குப் படி விற்பதும் அவர்களே. நடந்து போகிறவன் கொடுக்கும் விலை இன்னும் பெரிது. காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முன் பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி பாதசாரியை மோதினால், தாழ்ந்து சரிந்த முகம் கொண்ட வண்டியைவிட உயிர் போகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்றது அது. விற்பனைக் கணக்கில் இந்தப் பாதசாரிக்குப் பத்தி கிடையாது.

இந்த நிலையில்தான் மேவரிக் வந்தது. தொடக்க விலை 19,995 டாலர். அந்த விலைக்கே ஹைபிரிட் எஞ்சின், லிட்டருக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர். பின்தொட்டியின் சுவரில் மரச் சட்டங்களைச் செருகிக்கொள்ளக் காடிகள் விட்டிருந்தார்கள். தடுப்பு வேண்டுமானால் கடையில் ஒரு கட்டை வாங்கி அறுத்து நீங்களே செருகிக்கொள்ளலாம். விளக்குப் போட நினைப்பவருக்காக மின்கம்பி முனையையும் தொட்டியிலேயே விட்டு வைத்தார்கள். தொட்டி நாலரை அடிதான் என்றாலும் பின் கதவைப் பாதியில் நிறுத்தினால் எட்டடி பிளைவுட் பலகை படுத்துக்கொள்ளும். உழைக்கிறவனின் கையை நினைத்துச் செய்த வண்டி என்பது பார்த்தாலே தெரியும். ஆர்டர் குவிந்து, முதல் வருடத்து ஹைபிரிட் வண்டிக்குப் பதிவு செய்வதையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2024இல் 1,31,000க்கு மேல் விற்றது. எந்த அட்டவணையிலும் இல்லாத மக்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.

நம் ஊரிலும் இது நடந்ததுதான். 2005இல் டாடா ஏஸ் வருவதற்கு முன், இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினில் முக்கால் டன் ஏற்றும் நாலு சக்கர வண்டிக்கு எந்த விற்பனைக் கணக்கு சாட்சி சொல்லியிருக்கும்? குட்டி யானை என்று பெயரெடுத்த அந்த வண்டி இல்லாத காய்கறிச் சந்தை இன்று எங்கே இருக்கிறது?

ஆனால் திரும்பி வந்ததாலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. 1983 மாடல் ரேஞ்சரோடு மேவரிக்கை நிறுத்திப் பாருங்கள். இன்றைய சின்ன வண்டி அன்றைய சின்ன வண்டியைவிடச் சுமார் இரண்டு அடி நீளம். தொட்டியோ ஒன்றரை அடி குட்டை. விலையும் சில வருடங்களிலேயே 28,000 டாலரைத் தாண்டிவிட்டது. மானியம் போக 20,000 டாலருக்குள் என்று சொல்லி வந்தது ஸ்லேட். 2025 செப்டம்பரோடு அந்த மானியமே முடிந்துபோனது. சின்னதாகப் பிறப்பதைவிடச் சின்னதாகவே இருப்பது கடினம். ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் ஒரு அங்குலம் கூட்டுவார். ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்.

இந்தப் போட்டியில் யார் ஜெயித்தாலும் சரி, எனக்கு அது பெரிய விஷயமல்ல. அது அம்பலமாக்கிய உண்மைதான் பெரிது. வாங்கியதை எண்ணலாம், வேண்டியதை எண்ண முடியாது. கடையில் இல்லாத பொருளுக்கு யாரும் பில் போட முடியாது. பில் இல்லாத தேவையை இல்லாத தேவை என்று எழுதிவிடுகிறோம். இந்தப் புத்தகத்துக்குத் தமிழில் ஆளில்லை என்று பதிப்பாளர் சொல்வதும், இந்த ஊருக்கு இரவு பஸ் தேவையில்லை என்று அதிகாரி சொல்வதும் அதே கணக்கில்தான். பொய் சொல்கிறார்கள் என்றில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணி, தெரியாததற்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

அதனால், “இதை யாரும் கேட்கவில்லை” என்று இனி யாராவது உங்களிடம் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். “கேட்டால் கொடுக்க உங்களிடம் இருந்ததா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.