உண்மைப் படத்தில் ஒரு பொய்க் காட்சி

போர்க்களத்தில் வீழ்ந்தவனைத் திரையிலே காட்டி, அவனைப் பெற்றவளையே அப்போருக்குத் துணை நிற்கச் செய்தல் அறமாகுமா? 1916 ஆகஸ்டு 21ஆம் நாள் இலண்டன் திரையரங்குகளில் வெளியான 'சோம் போர்' என்னும் பேசாப் படம் எழுப்பிய வினா இது.

பிரான்சு நாட்டின் சோம் ஆற்றை அடுத்த பகுதியில் அவ்வாண்டு ஜூலை முதல் நாள் பிரித்தானியப் படை தாக்குதலைத் தொடங்கிற்று. அந்த ஒரே நாளில் அப்படையில் மாண்டோர் 19,240 பேர். காயமுற்றோர் முதலியோரையும் சேர்த்தால் 57,470 பேர். ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டவல் என்னும் இருவர் ஒளிப்பதிவுக் கருவியுடன் அங்கிருந்தனர். அவர்கள் எடுத்த படத்தை ஆறே வாரங்களில் சுமார் இரண்டு கோடிப் பேர் கண்டனர் என்பர். படம் ஓடிய நாட்களில் போரும் ஓயவில்லை, நவம்பரில்தான் ஓய்ந்தது.

வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாய்வதும், சிலர் சுடப்பட்டுச் சரிவதும் இப்படத்தின் புகழ்பெற்ற காட்சி. அது களத்துக்குப் பின்னால், பயிற்சிப் பள்ளி ஒன்றில் நடிக்கப்பட்டது என்று பிற்கால ஆய்வாளர் கண்டனர். மற்றவை பெரும்பாலும் மெய். போமோன் ஹாமெல் அருகே தாழ்ந்த பாதையொன்றில் லங்காஷயர் படைவீரர்கள் தாக்குதலுக்குக் காத்து அமர்ந்திருப்பது மெய். அவர்களுள் மிகப் பலர் அன்றே வீழ்ந்தனர்.

டர்ஹாம் பேராலயத் தலைவர் ஹென்ஸன், இப்படம் துயருற்றோரின் உள்ளத்தைப் புண்படுத்துகிறது என்று நாளேட்டில் எழுதினார். மகன் எதை எதிர்கொண்டான் என்று அறியவேண்டும் என எழுதிய பெற்றோரும் இருந்தனர். நான் பெற்றோர் பக்கமே நிற்பேன். காணும் உரிமை இழந்தவர்க்கே முதலில் உண்டு.

ஆயினும் குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. நடித்த காட்சியை விட, காட்டாது விட்டதே பெரும் பொய். பிணங்களைக் காட்டிய படம் தொகையைக் காட்டவில்லை. கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கு இது புதிதன்று. கோப்பிலுள்ள தாள் ஒவ்வொன்றும் உண்மையாயிருக்கும். வைக்காமல் விட்ட ஒரு தாளே முடிவை மாற்றிவிடும். வள்ளுவர் பொய்ம்மைக்கும் ஓரிடம் தந்தார். ஆனால் அது விளைக்கும் நன்மை குற்றமற்றதாயிருக்கவேண்டும் என்று வேலியும் இட்டார். மேலும் மேலும் இளைஞரைக் களத்துக்கு அனுப்ப உதவிய மௌனம் அவ்வேலிக்குள் அடங்காது.

இரண்டாம் உலகப் போரின்போது நம் தமிழ்த் தயாரிப்பாளரும் அரசின் போர் முயற்சிக்கு ஆதரவாகப் படமெடுக்க நேர்ந்தது. 1945இல் வந்த 'பர்மா ராணி' அவ்வகையினது. அதனை நான் அத்துணை கடிந்துகொள்ளேன். கதை தன்னைக் கதையென்று சொல்லியே வருகிறது.

அண்மையில் 'சோம் போர்' படத்தை வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோது, சரிந்து விழுந்த வீரனைச் சுட்டி, "இவர் உண்மையிலேயே இறந்துவிட்டாரா அப்பா?" என்று என் இளைய மகள் கேட்டாள். "இல்லையம்மா, எழுந்து போயிருப்பார்" என்றேன். தாழ்ந்த பாதையில் அமர்ந்து நம்மைப் பார்த்தவர்களைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.