நம்ம சீதையை யார் வரையலாம்?

பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடிக்கும்போது நண்பன் கேட்டான்: "ஒரு முஸ்லிம் ஓவியர் நம்ம சீதையை வரையலாமாடா?"

அவன் சொன்னது சையத் தாஜுதீனை. 1943-இல் அலோர்ஸ்டாரில் பிறந்து, மெட்ராஸ் கலைக்கல்லூரியில் படித்தவர். அனுமன் சீதையைக் காண வரும் காட்சியை 1972-இல் வரைந்தவர்.

எனக்கு என் தப்புதான் ஞாபகம் வந்தது. ஒற்றுமை விழா போஸ்டரில் சீனருக்கு இரண்டு கோடு இழுத்துக் கண் என்று வைத்தேன். சீன நண்பன் பார்த்துவிட்டு, "இது நானா?" என்றான். மூன்று வருஷமாக லேப்பில் பக்கத்தில் இருப்பவன். அவன் முகத்தை நான் ஒருநாளும் சரியாகப் பார்க்கவில்லை.

தாஜுதீனோ நம் கதையைத் தெரிந்துகொண்டு வரைந்தார்.

நண்பனிடம் சொன்னேன்: "யார் வரைஞ்சாருன்னு அப்புறம் கேளு. ஒழுங்கா பார்த்து வரைஞ்சாரான்னு முதல்ல கேளு. அந்தக் கேள்வியில நான்தான் ஃபெயில்."