விழா நாளில் அந்நியர்

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்டு 15 அன்று, உரோமை நகரத் தெருக்களில் நாம் பசியோடு நடந்தோம். நமக்கு அது விடுதலை நாள்; திருச்சபைக்கு அன்னை மரியாவின் விண்ணேற்பு; இத்தாலியருக்கோ 'ஃபெர்ரகோஸ்தோ' என்னும் பெருவிடுமுறை. கி.மு. 18இல் பேரரசர் அகுஸ்து ஏற்படுத்திய ஓய்வுநாள்களின் தொடர்ச்சி அது. கடைகளின் இரும்புக் கதவுகள் இறக்கப்பட்டிருந்தன. யாரும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அந்நாளின் மகிழ்ச்சிக்கு நாம் தேவைப்படவில்லை, அவ்வளவே. நடைபாதையில் தண்ணீர்ப் பாட்டில் விற்ற வங்கதேச இளைஞர் ஒருவர்தாம் தம் ரொட்டியில் பாதியைப் பிட்டுத் தந்தார்.

இந்நிகழ்ச்சியை மறையுரைகளில் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் உரோமையரையே குறை கண்டோம்.

பொங்கல் வந்தால் அம்பத்தூரும் ஆவடியும் பாதி வெறிச்சோடிவிடும். தென்மாவட்டத்தார் சொந்த ஊருக்குப் பேருந்தேறிவிடுவர்; தொழிற்பேட்டை அடங்கும்; மெஸ்கள் மூடப்படும். எஞ்சுவோர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரே. கடந்த பொங்கலன்று திருப்பலிக்குப் பின் நம் ஆலய முற்றத்தில் பானை பொங்கியது. அன்பியவாரியாகப் பெயர் அழைத்துத் தொன்னைகளில் பொங்கல் வழங்கினோம். வாயிலருகே இரு இளைஞர் நின்றிருந்தனர். நாம் புன்னகைத்தோம், அவர்களும் புன்னகைத்தனர். பானை காலியாயிற்று. பின்னரே அறிந்தோம்: அவர்கள் சிம்டேகாவிலிருந்து வந்த கத்தோலிக்கர், அன்றைய திருப்பலியில் பின்வரிசையில் இருந்தவர்கள். எந்த அன்பியத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

விழா என்பது குடும்பம் கூடும் நாள். வழியே போவோரையெல்லாம் உறவாக்க இயலுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுவரில்லாமல் வீடு ஏது? ஆயினும் இணைச்சட்டம் 16ஆம் அதிகாரம், கூடாரப் பெருவிழாவில் மகிழவேண்டியவர்களை வரிசைப்படுத்துகையில், மகன், மகள், பணியாளர் ஆகியோரோடு நகரில் வாழும் அந்நியரையும் சேர்க்கிறது. சிந்திய கதிரை அவருக்கென விட்டுவைக்கும் சட்டம் வேறிடத்தில் உண்டு. இங்கோ அவரும் மகிழவேண்டும் என்பதே கட்டளை. தானம் வேறு, பந்தி வேறு. தானம் செய்பவர் தம் இடத்தை விட்டு அசையவேண்டியதில்லை. பந்தியில் சற்றே நகர்ந்து அமரவேண்டும். நமக்கு அந்த நகர்தல்தான் கடினமாயிருக்கிறது.

எம்மாவு வழியில் கிளயோப்பா, உயிர்த்த ஆண்டவரையே பாஸ்கா விழாவுக்கு எருசலேமில் வந்து தங்கிய அந்நியர் என எண்ணினார். அங்கே லூக்கா கையாளும் கிரேக்க வினைச்சொல்லின் உறவுச்சொல்தான் 'பரோய்க்கியா'. அயலிடத்தில் தங்கியிருத்தல் என்பது அதன் பொருள். அச்சொல்லையே தொடக்கத் திருச்சபை தன் சமூகங்களுக்குச் சூட்டிக்கொண்டது. தமிழர் நாம் அதைப் 'பங்கு' என்கிறோம். அன்று அவ்விருவருக்குப் பங்கு கிடைக்கவில்லை.

அண்மையில் அன்பியப் பொறுப்பாளர் கூட்டத்தில் அவர்கள் பெயரைச் சேர்க்கச் சொன்னோம். "எந்த அன்பியத்தில், ஃபாதர்?" என்றார் ஒருவர். அவர்கள் தங்கியிருப்பது ஒரு தொழிற்கூடத்தின் மாடியில். எந்த அன்பியத்தின் எல்லைக்குள்ளும் அது வரவில்லை. அன்று மூடாத அந்தப் பதிவேடு இன்னும் நம் மேசைமேல் விரிந்தே கிடக்கிறது.