கட்சி மாறிய வாக்கும் செய்ந்நன்றியும்

2024 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் திகதி நடந்த பாராளுமன்றப் பொதுத் தேர்தலில், இரத்தினபுரி மாவட்டத்தின் பதினொரு ஆசனங்களுள் எட்டையும் கேகாலை மாவட்டத்தின் ஒன்பது ஆசனங்களுள் ஏழையும் தேசிய மக்கள் சக்தி கைப்பற்றிய நாள்முதல், சப்பிரகமுவத் தோட்டங்களில் ஒரு நிந்தைச் சொல் ஓயாமல் உலவி வருகிறது. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை ஆகிய பகுதிகளில், பாட்டன் காலத்திலிருந்து ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்துக்குப் புள்ளடியிட்டுப் பழகிய குடும்பங்களுள் கணிசமானவை இம்முறை தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் புள்ளடியிட்டன. அதன் பயனாக, மலையகத் தமிழரான சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்று பிரதி அமைச்சருமானார். பழைய கட்சிகளிலும் சங்கங்களிலும் ஊறிய பெரியவர்கள் இதைக் கண்டு மனம் நொந்து, "நன்றி கெட்ட ஜனங்கள்" என்கிறார்கள். தோல்வியின் வேதனையிலே பிறந்த வார்த்தை என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்படும் மிகக் கொடிய குற்றச்சாட்டு இது. ஆதலால் தர்ம நியாயத்தின் முன் நிறுத்தி விசாரிக்கத் தக்கது. அவ்வாறு விசாரிக்குமிடத்து, வாக்காளர் மீது குற்றமில்லை என்பதும், நிந்திப்பவர்களே தங்கள் கடமையை மறந்தவர்கள் என்பதும் ஐயத்துக்கு இடமின்றித் துலங்கும்.

விசுவாசத்துக்கும் ஒரு பெருமை உண்டென்பதை மறுப்பாரில்லை. அண்ணன் செய்தது அதர்மமென்று அறிந்தும், அவன் இட்ட சோற்றுக்காகப் போர்க்களத்தில் உயிர் கொடுத்த கும்பகருணனையும், துரியோதனன் அளித்த மானத்துக்குத் தன்னையே ஈடாக வைத்த கர்ணனையும் நம் ஜனங்கள் கண்ணீரோடு நினைக்கிறார்கள். காற்றடிக்கும் பக்கமெல்லாம் சாய்கின்ற மனிதரால் எந்த ஸ்தாபனமும் நிலைபெறாது என்பதும் மெய்யே. இந்த அளவில் நிந்திப்பவர்களின் வாதத்தை ஒப்புக்கொள்வோம்.

ஆயினும், செய்ந்நன்றியைத் தனி அதிகாரமாக வகுத்து, அதைக் கொன்றவனுக்கு உய்தியே இல்லையென்று கடுமையாகத் தீர்த்த வள்ளுவரே, எத்தகைய உதவி அந்தப் பெரும்பெயருக்கு உரியது என்பதையும் அதே அதிகாரத்தில் வரையறுத்திருக்கிறார். தான் முன்பு யாதொன்றும் பெறாதவனாய், பின்னால் வரும் பயனைத் தராசிலிட்டுப் பாராதவனாய் ஒருவன் செய்யும் உபகாரமே வானினும் மண்ணினும் பெரிதென்று அவர் கொண்டாடுகிறார். வாக்கைக் கருதிச் செய்ததும், சந்தாவைக் கருதிச் செய்ததும் அந்த வரிசையில் சேருமா? அதற்கும் மேலே, ஒருவனிடமிருந்து பறித்த பொருளை நாற்பது வருஷம் கழித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தவன், அதைத் தானமென்று சொல்லிக்கொள்ளலாமா?

நடந்தது அதுவே. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத்து மக்கள் தம் வாக்குரிமையால் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஏழு பிரதிநிதிகளைத் தந்தார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் கை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டிலேயே டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. காட்டை வெட்டித் தேயிலையும் றப்பரும் நட்டு நாட்டின் கஜானாவை நிரப்பிய ஜனங்கள் நாடற்றவர்களாகி நின்றார்கள். பின்னர் 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டத்தால் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியதும் அதே கட்சியின் அரசாங்கமே. யானைக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணம் லயத்து முதியவர்களின் நெஞ்சில் வேரூன்றியது அப்பொழுதுதான். பறித்த கையும் கொடுத்த கையும் ஒன்றே என்பதை அந்த முதியவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லாமற் போனார்கள். 1986 ஆம் ஆண்டுத் தை மாதத்தில் வேலைக்கு இறங்காமல் பிரார்த்தனையில் அமர்ந்து, அந்த உரிமைக்காக அரசாங்கத்தை நெருக்கியவர்களும் தோட்டத் தொழிலாளரே. தாம் போராடி மீட்ட சொந்தப் பொருளுக்கு அவர்கள் எவருக்கு நன்றி சொல்வது?

இடைப்பட்ட காலத்தின் ஒரு பக்கத்தைச் சப்பிரகமுவ மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1981 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் தாக்கப்பட்டு, தோட்டத்துக் குடும்பங்கள் உடுத்த துணியோடு ஓடி அகதிகளான வேளையில், ஆட்சியில் இருந்தது ஐக்கிய தேசியக் கட்சி. அந்த மந்திரிசபையில் சௌமியமூர்த்தி தொண்டமானும் இருந்தார். தொண்டமான் இம்மக்களுக்காக ஆயுள் முழுவதும் உழைத்த பெருந்தலைவர் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. என்றாலும், மந்திரிசபையில் ஓர் ஆசனம் இருப்பது வேறு, லயத்துக் கதவுக்குக் காவல் இருப்பது வேறு என்பதை அந்த ஆண்டு இம்மாகாணத்துக்குக் கற்பித்துவிட்டது.

இடதுசாரிகளின் சரித்திரமும் இதே பாடத்தைத்தான் வேறு வழியில் சொல்கிறது. களனிப் பள்ளத்தாக்கின் றப்பர்த் தோட்டங்களில் லங்கா சமசமாஜக் கட்சியின் செங்கொடியைத் தம் கொடியென்றே கருதியிருந்த தொழிலாளர் அநேகர். ருவன்வெல்லையிலும் பிற்பாடு எட்டியாந்தோட்டையிலும் மக்கள் பிரதிநிதியாயிருந்த என். எம். பெரேரா, 1948 இல் அந்தப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர். அவரே 1964 இல் ஸ்ரீமாவோ அரசாங்கத்தில் நிதி மந்திரியாய் வீற்றிருந்த காலத்தில்தான், ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் மூன்று லட்சம் பேரை இங்கே வைத்துக்கொள்வதென்றும் மனிதரைச் சரக்குப்போல் பங்கிட்ட ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் பசியால் வாடியபொழுது, பெருந்தோட்டத்துறை அமைச்சு அக்கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வாவின் பொறுப்பில் இருந்தது. வாக்கில்லாத ஜனங்களைக் கைவிடுவதற்கு ஒரு கட்சிக்கு எவ்வளவு சுலபமாயிருக்கிறது! வாக்கு என்னும் கருவி அவர்கள் கைக்குத் திரும்பி வந்த பிறகும், அதை ஒரே பெட்டியில் ஒரே சின்னத்துக்கென்று பரம்பரைச் சாசனம் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமென்று எதிர்பார்ப்பது, அவர்களை மறுபடியும் வாக்கற்றவர்களாக்குவதற்கு ஒப்பாகாதா?

நம் முன்னோர் ராஜதர்மத்தைப் பேசிய இடங்களிலெல்லாம் கடமையின் பாரத்தை ஆள்பவன் தோளிலேயே முதலில் ஏற்றினார்கள். நாள்தோறும் நாட்டின் நிலையை ஆராயாத அரசன் நாள்தோறும் நாட்டை இழக்கிறான் என்பது வள்ளுவர் வாக்கின் சாரம். குறையுள்ளவன் எளிதில் கண்டு பேசக்கூடியவனாய் அவன் இருக்க வேண்டுமென்பதும் அவர் விதித்ததே. குடிகளிடம் வகையறியாமல் இறை கொள்ளும் வேந்தனை, வயலில் புகுந்து தின்பதைவிட மிதிப்பது அதிகமான யானைக்கு ஒப்பிட்டுப் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு இடித்துரைத்தார் பிசிராந்தையார். வெள்ளைக்குடி நாகனாரோ, மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகம் பழிப்பது காவலனையே என்று சோழனுக்கு எடுத்துரைத்து வரியை விலக்கச் செய்தார். கண்ணகி நீதி கேட்ட சபையில், பிழை தன்னுடையதென்று உணர்ந்த கணத்திலேயே பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையில் உயிர் நீத்தான். நன்றி எங்கே என்று அவன் குடிமகளைக் கேட்கவில்லை.

இந்தப் பிரமாணங்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தொழிலாளிப் பெண்ணின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். கொழுந்து நிறை குறைந்ததால் அரைப் பேராய், பாதிச் சம்பளமாய்ப் போன நாட்கள் ஒரு பக்கம். சேமலாப நிதி, முற்பணம், தேயிலைத் தூள், கோயில் பணம் என்ற கழிவுகள் மறுபக்கம். அவற்றோடு ஒரு மாதமும் தவறாமல் சங்கச் சந்தா. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு அவள் நேரம் பிந்தினால் வேலை இல்லை. சந்தா மட்டும் பிந்துவதே இல்லை. அந்தப் பணத்துக்குப் பிரதியாக அவள் கேட்டது நியாயமான நாட்சம்பளம் ஒன்றே. ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை பல வருஷங்கள் மேடைகளில் முழங்கி 2021 இல்தான் சட்டமாயிற்று. 2024 ஆம் ஆண்டு மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அந்நாள் ஜனாதிபதியே 1,700 ரூபா என்று அறிவித்தார், வர்த்தமானியும் வெளியாயிற்று. கம்பனிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை பெற்றன. ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய செப்டெம்பரில் அது 1,350 ஆகக் குறைந்து வந்தது. கைக்கு வராத முந்நூற்றைம்பது ரூபாவை அவள் மறந்துவிட வேண்டுமாம். மேடையில் கேட்ட கரகோஷத்தை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமாம்.

விட்டுப் போனவர் யார் என்பதையும் சற்று நிதானமாகக் கேட்க வேண்டும். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் 2020 இல் மொட்டுச் சின்னத்திலும் 2024 இல் யானைச் சின்னத்திலும் வாக்குக் கேட்டது. தமிழ் முற்போக்குக் கூட்டணியினர் யானையிலிருந்து தொலைபேசிச் சின்னத்துக்குப் போனார்கள். அந்த யானையோ 2020 இல் நாடு முழுவதிலும் ஒரு மாவட்ட ஆசனங்கூடப் பெறாமல் விழுந்து கிடந்தது. தலைவர்கள் சின்னம் மாறினால் அது ராஜதந்திரம். ஜனங்கள் மாறினால் துரோகம் என்று சொல்லும் நியாய சாஸ்திரத்தை எந்த முனிவர் எழுதினார்? விபீஷணன் இலங்கையை விட்டு நீங்கியபொழுது, முதலில் அண்ணனுக்கு நல்லது சொல்லிச் சொல்லிப் பார்த்தான். அவமதிக்கப்பட்ட பிறகே கடலைக் கடந்தான். தோட்டத்து வாக்காளர் வேலைநிறுத்தமாகவும் மனுவாகவும் முப்பது நாற்பது வருஷம் சொல்லிப் பார்த்த பின்பே நீங்கியிருக்கிறார்கள். 2016 ஆம் ஆண்டு மே மாதத்து மண்சரிவில் புளத்கொஹுபிட்டியவின் களுபான தோட்டத்து லயக் காம்பராக்கள் மனிதரோடு புதைந்தபொழுது, பாதுகாப்பான காணியும் வீடும் என்ற அவர்களது கோரிக்கையை மலையே ஒருமுறை சொல்லிவிட்டது.

இவ்வளவும் சொன்னதால், புதிதாய் அடைந்த இடத்தில் பழைய குருட்டு விசுவாசத்தைக் கொண்டுபோய் வைக்கலாமென்று கொள்ளலாகாது. மக்கள் விடுதலை முன்னணி தன் ஆரம்ப காலத்து வகுப்புகளில், இந்திய விஸ்தரிப்புவாதம் என்ற தலைப்பின் கீழ் இதே தோட்ட மக்களைச் சந்தேகத்தோடு காட்டிய சரித்திரத்தை உடையது. 2023 ஒக்டோபரில் ஹட்டனில் செய்த பிரகடனத்தில் காணி, வீடு, மொழி, கல்வி ஆகியவற்றில் சமத்துவம் தருவதாக அக்கட்சியை முதலாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி வாக்களித்திருக்கிறது. 2026 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசு தன் பங்காக 200 ரூபா சேர்த்து 1,750 ஆகத் தருவதாகவும் பிரேரித்தது. இவற்றை ஏற்று வாக்களித்தவர்கள் இவற்றைக் கொண்டே அதை அளக்கவும் உரியவர்கள். பழைய எஜமானருக்கு மறுத்த பரம்பரைச் சாசனத்தைப் புதியவருக்கும் மறுப்பதே முறை.

அந்த அளவைக்குச் சப்பிரகமுவவிலேயே ஒரு கருவி கிடக்கிறது. 2012 இல் நடந்த மாகாண சபைத் தேர்தலில், சிதறிக் கிடந்த மலையகக் கட்சிகள் சேவல் சின்னத்தின் கீழ் ஒன்றுகூடி நின்றதால், நாற்பத்து நான்கு ஆசனங்கள் கொண்ட சபையில் இரண்டு தமிழ்ப் பிரதிநிதிகள் அமர்ந்தார்கள். தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியரும், வைத்தியசாலையில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தரும் கேட்பதற்கு அதுவே இடமாயிருந்தது. அந்தச் சபையின் ஆயுள் 2017 இல் முடிந்தது. இன்றளவும் தேர்தல் இல்லை, மாகாணத்தை ஆளுநரே நிர்வகிக்கிறார். முந்தைய அரசாங்கங்கள் கிடப்பில் போட்ட அந்தத் தேர்தலை எந்தத் திகதியில் நடத்தப் போகிறார்கள் என்ற கேள்வியை, திசைகாட்டிக்குப் புள்ளடியிட்டவர்களே அதன் அமைச்சர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.