சங்கல்பமற்ற ஹிம்சை

கொல்ல வேண்டும் என்ற சங்கல்பம் எள்ளளவும் இல்லாதவனால் ஒரு ஜீவன் மாயுமானால், அப்பாபம் அவனைச் சாருமா? பௌத்தர் எண்ணமே கர்மம் என்றனர். ஜைனரோ, அஜாக்கிரதையால் உயிர் போக்குவதும் ஹிம்சையே என வாதித்து, தம் முனிவர்கள் முன்னே நாலு முழத் தரையை நோக்கியே அடியெடுத்து வைக்க வேண்டும் என்று விதித்தனர்.

அமெரிக்காவில் ஸியாட்டில் நகரை ஒட்டிய ஓடைகளில் நிகழ்ந்த சோகம் இவ்வினாவை மீண்டும் எழுப்புகிறது. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஓடைக்கே திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள், இலையுதிர்கால மழை சாலைகளைக் கழுவிக்கொண்டு வந்து சேர்ந்ததும், திசை தடுமாறி, வாய் பிளந்து, வயிறு நிறைந்த முட்டைகளோடு சில மணி நேரத்தில் மடிந்தன. சில ஓடைகளில் பாதிக்கு மேற்பட்டவை இவ்வாறே அழிந்தன. பல்லாண்டு ஆராய்ச்சிக்குப் பின், 2020 டிசம்பரில், விஞ்ஞானிகள் காரணத்தை வெளியிட்டனர். டயர் ரப்பரில் விரிசல் விழாதிருக்கக் கலக்கப்படும் 6பிபிடி என்னும் ரசாயனம், காற்றிலுள்ள ஓசோனோடு கூடி, 6பிபிடி குவினோன் என்ற நஞ்சாக மாறுகிறது. டயர் தேய்ந்து உதிரும் சூட்சுமத் துகள்களோடு சாலைத் தூசியில் கிடந்து, மழை வந்ததும் ஓடையை அடைகிறது. பிரயாணிகளின் உயிரைக் காக்கச் சேர்த்த பொருளே மீனுக்குக் காலனாயிற்று என்பதை எண்ண எண்ண நெஞ்சு பதறுகிறது.

இங்கே கொலையாளி யார்? ஓட்டுநர் ஒவ்வொருவரும் உதிர்த்தது ஒரு சிட்டிகை. அதனால் எவருக்கும் தோஷமில்லை என்பார் உண்டு. பாபத்தை லட்சம் பேருக்குப் பங்கிட்டாலும் மாண்ட மீன் பிழைக்கப் போவதில்லையாதலால், இச்சமாதானத்தை நான் ஏற்கேன். ஹிம்சைக்கு இலக்கணம் கூறிய ஜைன ஆசாரியர் உமாஸ்வாதி தமது தத்துவார்த்த சூத்திரத்தில் கவனமின்மையையே அதன் வேராக வைத்தார். காரணம் அறியாதிருந்த காலத்தில் நாம் நிரபராதிகளாக இருந்திருக்கலாம். அறிந்த பின்னரும் வாளாவிருப்பது அந்தக் கவனமின்மையேயன்றி வேறென்ன?

சால்மனைத் தம் வாழ்வின் ஆதாரமாகப் போற்றும் யூரோக், புயாலப், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம் ஆகிய பூர்வகுடிகள் 2023-இல் இந்த ரசாயனத்தைக் கட்டுப்படுத்தக் கோரி விண்ணப்பிக்க, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அதனை ஏற்றது. மாற்றுப் பொருள் கிடைக்கும்வரை பிராயச்சித்தமும் கைவசம் இருக்கிறது: மணலும் மக்கிய உரமும் கலந்த படுகையினூடே சாலை நீரை வடித்துவிட்டால் அதில் கோஹோ மீன்கள் உயிர் தரிக்கின்றன என்று பரிசோதனையில் கண்டிருக்கிறார்கள். மோட்டாரில் செல்வோர் அனைவரும், தங்கள் ஊர்ச் சாலை நீர் எந்த ஓடையில் விழுகிறது என்று விசாரித்து, அதற்கு முன்பாக அத்தகைய படுகையொன்றை அமைக்கும்படி நகரசபையை வற்புறுத்த வேண்டுகிறேன்.